வெங்காயக் கொட்டிலுக்குள் ஒரு ஜப்பான் கார்

மண்ணெண்ணெய் மணம்... கல்யாணம் கட்டிய புதிதை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். மல்லிகையும் இல்லை, சாம்பிராணியும் இல்லை.

சுன்னாகத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெங்காயம் காயவிடுகிற கொட்டில் ஒன்று இருந்தது. என் கணவர் கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றி வந்த பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை அதற்குள்தான் இறக்கினார். சுவிட்சைப் போட்டால் முன் லைட் இரண்டும் மேலே எழும்பும் என்றார். அப்போது ஒன்றுமே எழும்பவில்லை. உள்ளே முழுக்க எலி கடித்த வயர். வெங்காயம் எல்லாம் விறாந்தைக்குக் குடிவந்தது.

காரோடு வந்த புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. இவர் படத்தைப் பார்த்தே எஞ்சினைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாக மண்ணெண்ணெயில் கழுவினார். வயர்களுக்கு அடையாளம் என்னுடைய தையல் நூல். சிவப்பு நூல் லைட்டுக்கு, மஞ்சள் நூல் பெற்றோல் பம்புக்கு. பூட்டும்போது பார்த்தால் மஞ்சள் நூல் கட்டிய வயர் மூன்று! இரண்டு பேரும் முழுசிக்கொண்டு நின்றோம்.

அந்த நேரம் கனடாவிலிருந்த அவருடைய அக்கா, தெரிந்த இடத்தில் இவருக்கு வேலை பேசி வைத்துவிட்டு, இரண்டு பேரும் வருகிறீர்களா இல்லையா என்று ஒவ்வொரு கிழமையும் போனில் கேட்பார். இவரிடம் ஒரே பதில்தான்.

"கார் ஸ்டார்ட் ஆகட்டும் அக்கா, பிறகு சொல்லுறன்."

எனக்குத்தான் தலை சுற்றியது. டவுனில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி அலுமாரிக்குள் மடித்து வைத்தேன். அடுத்த நாளே கிணற்றடியில் கத்தரிக்கன்று நட்டேன். போகவும் ஆசை, போகப் பயமும்... கார் ஓடவேண்டும் என்று நேர்வதா, ஓடக்கூடாது என்று நேர்வதா? பிள்ளையாருக்குப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம், "இஞ்சேரும், ஒருக்கா வாரும்" என்று கூப்பிட்டார்.

சாவியைத் திருப்பினார். இருமியது, புகைந்தது... பிறகு பிடித்துக்கொண்டது. லைட் இரண்டும் மெல்ல மேலே எழும்பின. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இவர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு ஓஃப் பண்ணினார்.

"சத்தம் சரியில்லை. எஞ்சினைத் திரும்பக் கழட்டவேணும்."

எனக்கு நல்ல சத்தமாகத்தான் கேட்டது. ஆனால் எனக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? அன்றைக்கே கழற்றத் தொடங்கினார். அது திரும்பப் பூட்டுப்படுவதற்குள் கனடா வேலைக்கு வேறு ஆள் போய்விட்டார். அக்காவும் கேட்பதை விட்டுவிட்டார்.

இப்போது கார் நன்றாக ஓடுகிறது. கொட்டில் இருந்த இடத்தில் சீமெந்துக் கராஜ். வயர் பிடிக்க என்னைக் கூப்பிடுவதில்லை, அவருக்கு யூடியூப் இருக்கிறது. அந்த நாட்களில் ஒன்றும் விளங்காவிட்டாலும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்... அதை நினைத்தால் கொஞ்சம் கவலைதான்.

போன மாதம் அக்கா வந்திருந்தார். இந்தக் காரில்தான் கோயிலுக்குப் போனோம். நான் பின்சீட்டில் மடங்கிக்கொண்டு இருந்தேன். அப்போது ஏன் வராமல் விட்டாய் என்று அக்கா இவரிடம் கேட்டார்.

இவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கு வர விருப்பம்தான் அக்கா. இவவுக்குத்தான் ஊரை விட்டு வர மனமில்லை."

இவர் என்னிடம் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் "ஓம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.