அத்தையின் பல் செட்டு

“காயிதம் படிக்கற புள்ள, மனுசி வாய்க்குள்ள இருக்கறதயும் படிச்சிருமா?” என்று சித்தப்பா கேட்டார். சோறு இறங்காமல் அம்மா மெலிந்துகொண்டே போன மாதம் அது. செத்துப்போன அத்தை அம்மாவின் உடம்பில் புகுந்துவிட்டாள் என்பது சித்தப்பாவின் முடிவு. வெள்ளிக்கிழமை பேயோட்டும் கோயிலுக்குக் கூட்டிப்போவதாகவும் பேசியாகிவிட்டது. உள்ளுக்குள் நானும் பயந்துபோயிருந்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை எங்கேயும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன். மொரப்பூரிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருந்த எங்கள் ஊருக்கு மலாயாவிலிருந்து அத்தையின் கடிதம் வந்தால், பாவாடை கட்டிய வயதிலேயே நான்தான் வாசித்துச் சொல்வேன். அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணமாகி ரப்பர் தோட்டத்துக்குப் போனவள். அவளுக்கும் எழுதத் தெரியாது. தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி எழுதுவார். அவள் சொல்ல, அவர் எழுத, என் குரலில்தான் அத்தை எங்கள் வீட்டில் பேசினாள்.

ஒரு கடிதத்தில், எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டுப் புதுப் பல் கட்டிக்கொண்டதாகச் சொல்லியிருந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பல் டாக்டர் வேனில் வருவாராம். வரிசையில் நின்றால் போதும், பிடுங்கக் காசு கிடையாது. செட்டுக்கு மட்டும் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா அந்த இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

எங்கள் பக்கத்துப் பல் டாக்டர் சந்தையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். தொழில் தெரிந்தவர் என்பதற்கு அத்தாட்சியாக, அதுவரை பிடுங்கிய பல்லையெல்லாம் முன்னால் குவித்து வைத்திருப்பார். வெயிலில் அந்தக் குவியல் சோளம் மாதிரி மஞ்சளாகக் கிடக்கும். அம்மாவின் பற்களும் ஒவ்வொரு வாரமாக அதில் போய்ச் சேர்ந்தன. சேலத்தில் செட்டு கட்டுவார்கள். ஆனால் அதற்குக் கறவை எருமையை விற்க வேண்டும். நாற்பது வயதுக்குள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசப் பழகிவிட்டாள்.

மலாயாவில் குடியுரிமை இல்லாதவர்கள் வேலையிழந்து திரும்பிய சமயத்தில் அத்தையும் வந்தாள். விதவை, பிள்ளை இல்லை. எங்களோடுதான் இருந்தாள். அந்தப் பற்கள் அவள் முகத்துக்கு மிகவும் வெள்ளை. பேசும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். படுக்கப் போகும்போது கழற்றிப் பித்தளை டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைப்பாள். அதைத் தாண்டிப் போக எனக்குக் கூசும்.

இரண்டு வருஷத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். வாய்க்கரிசி போடத் தோதாகப் பெண்கள் பல்லைக் கழற்றி டம்ளரில் போட்டார்கள். திரும்பப் பொருத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. எரித்துவிட்டு வந்த பிறகுதான், அலமாரியில் அது அப்படியே இருப்பதைப் பார்த்தோம்.

பால் ஊற்றிய அன்று அதைப் பற்றிப் பேச்சு வந்தது. பெரியவர்கள் யாருக்கும் முறை தெரியவில்லை.

“பல்லுனா எலும்புதான? சாம்பலோட சேத்து ஆத்துல வுடோணும்” என்றார் ஒருவர்.

“எலும்புனா கூடப் பொறந்திருக்கணுங்க. இது காசுக்கு வாங்குனது. பாத்திரம் மாரி” என்றார் சித்தப்பா.

அப்பா முடிவாக, “சாமானுதான்” என்றார். அத்தையின் சேலைகளோடும் கம்பளியோடும் பல் செட்டும் அம்மாவுக்கு வந்தது. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்த நாள், நல்ல மத்தியானம். வாசலில் செருப்பை விடும்போது உள்ளே ‘டக்’ என்று கேட்டது. பிறகு சிரிப்பு. அத்தையின் சிரிப்பு. அடுப்படியில் குனிந்திருந்த அம்மா திரும்பினாள். அம்மாவின் கண், அம்மாவின் மூக்கு, கீழே அத்தையின் வாய்.

“என்னாடி, பேயப் பாத்த மாரி நிக்கற?” என்றாள்.

அந்த வாரம் முழுக்க அப்பா சாப்பிடும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா அத்தையைப் போலவே பாலில்லாத டீ குடித்தாள். ஒரு நாள் களத்திலிருந்து வந்த அப்பா, நினைவெல்லாம் வேறெங்கோ இருக்க, அம்மாவைப் பார்த்து, “சாப்டியாக்கா?” என்றார்.

“ஆச்சுப்பா” என்றாள் அம்மா.

அம்மா அப்பாவை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அத்தைதான் கூப்பிடுவாள். சித்தப்பாவுக்குச் செய்தி போனது அன்றுதான்.

அதற்குப் பிறகு அம்மா சாப்பாட்டைக் குறைத்தாள். கன்னம் ஒட்டியது. புதன்கிழமை காலை அவளை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். மறுத்தாள்.

“இதயும் புடுங்கிட்டீனா நா மறுபடி முந்தானைய வெச்சிப் பொத்திக்கிட்டுத் திரியணும். ஒரு கல்யாணத்துக்குப் போனா நாலு பேரு முன்னால சிரிக்கறேன். உனுக்கு அது பொறுக்கலயா?”

“சிரிக்கறதுக்கு நீ உசுரோட இருக்கணும்மா.”

கழற்றினாள். செட்டு ஆடாமலிருக்க மேலே துணிக் கிழிசல் வைத்து அடைத்திருந்தாள். துணி அழுந்திய இடத்தில், ஈறு நெடுக வெள்ளை விளிம்போடு ஒரு புண். பால் குடித்தால் ஆடை அதில் போய் ஒட்டுமாம், அதனால்தான் வெறும் டீ. எனக்கு ஒரு பயம் போய் இன்னொன்று வந்தது. அப்படி ஆறாமல் கிடக்கும் புண் புற்றுநோயில் போய் முடியலாம் என்று பாடத்தில் படித்திருந்தேன்.

சித்தப்பாவிடம் போய், “வாய்க்குள்ள இருக்கறது புண்ணுங்க, சித்தப்பா. நாளைக்குச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

அப்பா, “செரி, புண்ணு. அன்னிக்கிப் பேசுனது யாரு, பாப்பா?” என்று கேட்டார். ஆனால் எங்களைப் போக வேண்டாமென்று அவர் தடுக்கவில்லை.

மொரப்பூரில் காலை ரயில் ஏறினோம். அம்மா வெறும் வாயோடு, முந்தானையை அழுத்திப் பிடித்தபடி, பொம்மிடி தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் பல் பிரிவுக்கு ஒரே ஒரு அறை. வரிசை வாசல்வரை நின்றது. டாக்டர் புண்ணைப் பார்த்து, கெட்ட புண் மாதிரித் தெரியவில்லை என்றார். ஆறு வாரம் எதையும் மாட்டாமல் இருந்தால் ஆறிவிடும், ஆறாவிட்டால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். மருந்து இலவசம். செட்டுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். பிறகு, நான் துணியில் சுற்றிக் கொண்டுபோய்த் தட்டில் வைத்த பற்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது உங்களுக்கு அளவெடுத்துச் செஞ்சதில்லயே. யாரோடது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: “என்னுதுதான்ப்பா.”

பற்கள் தட்டில் இருந்தன. அம்மாவின் வாய் காலியாக இருந்தது. குரல் அத்தையுடையது.

டாக்டருக்கு எதுவும் தெரியவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, புதுச் செட்டுக்கு அளவெடுக்கும் நாளுக்குப் பதியும் இடத்துக்குப் போனேன். அங்கே அம்மாவின் பெயரை, அவளுடைய சொந்தப் பெயரை, முழுதாகச் சொல்லி எழுதவைத்தேன். ஆறு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டேன்.