மழை நாள் புள்ளிகள்

என் மகள் படிக்கிற காலத்தில் லெப்டொப்பைத் திறந்து வைத்தால், அதன் ஓரத்தில் நான் ஒரு துளி திருநீறு வைப்பேன். "கீபோர்டுக்குள்ள கொட்டிறாதீங்கப்பா" என்பாள். வேண்டாம் என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. தராசுக்கும் நான் அப்படித்தான். காலையில் மலைக்குப் போனதும் கொக்கியில் திருநீறு பூசி, எங்கள் கோயில் அம்மாளை நினைத்துக்கொண்டுதான் முதல் சாக்கைத் தூக்கி மாட்டுவேன். இருபத்திரண்டு வருசமாக நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிறவன் நான். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டது. மகளோ எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கெம்பஸுக்குப் போன முதல் பிள்ளை. விவசாயம் படித்தாள். எங்களுக்கு வேறு பிள்ளை கிடையாது.

கடைசி வருசத்தில் ஓர் ஆராய்ச்சி செய்து கொடுக்கவேண்டுமாம். உரத்தை எவ்வளவு போட்டால் கொழுந்து எவ்வளவு வரும் என்பதுதான் அவள் எடுத்த விசயம். உரம் கிடைக்காமல் செடியெல்லாம் மஞ்சளாகிப் போன காலத்தை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். அதனால் அவள் அதை எடுத்ததில் எனக்குப் பெருமை. அவளுக்குப் படிப்பிக்கிற மேடம், சிங்கள அம்மா, நல்ல மனுசி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். இந்த ஆராய்ச்சியில் கோடு சரியாக வந்தால், தன்னோடு இன்னும் இரண்டு வருசம் மேலே படிக்க இவளையே எடுத்துக்கொள்வேன் என்று. இடம் ஒன்றுதான். அதற்கு இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

என்ன கோடு என்று கேட்டேன். எங்கள் காம்பரா அறைத் தரையில் உட்கார்ந்து, கொப்பியில் வரைந்து காட்டினாள். "உரமே போடாட்டியும் செடி கொஞ்சம் கொழுந்து குடுக்கும்பா. அது இங்க. கொஞ்சம் போட்டா விறுவிறுன்னு ஏறும். இன்னும் போட்டா ஏறுறது கொறையும். பொறகு எவ்வளவு கொட்டுனாலும் ஏறாது, இப்படித் தட்டையாகிடும். அந்த உச்சி எங்க இருக்குன்னு கண்டுபுடிக்கணும். அதுக்கு மேல போடுற உரம் வீண்."

"இதை நீயே வரைஞ்சிட்டியே."

"இது என் கையால வரைஞ்சது. செடி வரையணும்பா."

செடி தருகிற ஒவ்வொரு எடையும் ஒரு புள்ளி. புள்ளிகளை லெப்டொப்பில் போட்டால், அவற்றுக்கு நடுவில் எந்த வளைவு நன்றாகப் பொருந்தும் என்று ஒரு மென்பொருள் தேடித் தரும். ஆனால் எங்கிருந்து தேடத் தொடங்கவேண்டும் என்று நாம்தான் சொல்லவேண்டுமாம். உச்சி ஏறக்குறைய இவ்வளவு இருக்கும், ஏறும் வேகம் இவ்வளவு இருக்கும் என்று ஒரு உத்தேசம் கொடுக்கவேண்டும். அது சுமாராகச் சரியாக இருந்தால் அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உண்மையான இடத்துக்குப் போய்ச் சேரும். ரொம்பத் தள்ளிக் கொடுத்தால் எங்கேயோ அலைந்துவிட்டு, முடியவில்லை என்று சொல்லிவிடும். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. கும்பிடுகிறவனுக்கு அது புரியும்; அவனும் ஒரு உத்தேசத்தை வைத்துக்கொண்டுதான் தேடுகிறான்.

தோட்டத்தை மேற்பார்க்கிற சின்ன தொரையிடம் அனுமதி கேட்டு, மலையின் ஓரத்தில் இருபது பாத்தி பிரித்தாள். பாத்திக்கு ஒரு குச்சி, குச்சியில் ரிப்பன். வெள்ளை ரிப்பன் என்றால் உரமே கிடையாது. மஞ்சள், பச்சை, நீலம் என்று கூடிக்கொண்டே போய், சிவப்புக்குத்தான் அதிகம். தைப் பொங்கல் முடிந்து வேலை தொடங்கினோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரண்டு பேர் கொழுந்தெடுப்பார்கள். நான் ஒவ்வொரு பாத்தியாக நிறுத்து எழுதவேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்துப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, நம்பர் ஒட்டி வைக்கவேண்டும். சாயங்காலம் ஹட்டன் பஸ்ஸில் வந்து இறங்குகிற மகள் அதையும் கொப்பியையும் வாங்கிக்கொள்வாள். அந்த ஒரு பிடியைக் கெம்பஸில் சூடு அடுப்பில் காயவைத்து, தண்ணீர் எவ்வளவு, கொழுந்து எவ்வளவு என்று பிரித்துக்கொள்வாளாம். எதற்கு என்று நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. அதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது.

"தராசு காட்டுறதை எழுதுங்கப்பா, போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

தையிலிருந்து சித்திரை வரைக்கும் மழையில்லாத காய்ச்சல். அந்த வெய்யிலில் செடி தலை நிமிரவில்லை. வெள்ளைப் பாத்திக்கும் சிவப்புப் பாத்திக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. "மழை வரட்டும்பா. உரம் கரைஞ்சாத்தான் வேலை செய்யும். நமக்கு வேண்டிய புள்ளி எல்லாம் மழையிலதான் வரும்" என்றாள். சித்திரை கழிந்ததும் மழை வந்தது. எங்கள் பக்கத்து மழைதான், விடியும்போதே தொடங்கி அந்தி வரைக்கும் விடாத மழை. கோயில் மணியடிக்கப் போனபோது நான் அம்மாளுக்கு நன்றி சொன்னேன்.

எங்கள் தோட்டங்களில் மழை நாளில் கொழுந்து நிறுத்தால், தண்ணிக்கு என்று கொஞ்சம் கழித்துத்தான் எழுதுவோம். ஈரக் கொழுந்து கனக்கும். அந்தக் கனம் கொழுந்தில்லை. கையை விட்டுப் பிசைந்து பார்த்து, சாக்கில் வழிகிற தண்ணீரைப் பார்த்து, ஒரு கிலோவோ ஒன்றரையோ என்று கண்மதிப்பாகக் கழிப்பது வழக்கம். கூலி குறைகிறதே என்று கொழுந்தெடுக்கிற பெண்கள் திட்டுவார்கள். நியாயமாகத் திட்டுவார்கள். ஆனாலும் என் கை அப்படியே பழகிவிட்டது. தராசின் முள்ளைப் பார்க்கும்போதே கழித்த தொகைதான் என் மனதில் விழும்.

அந்த முதல் மழை வெள்ளியன்று மகளுடைய சிவப்புப் பாத்திக் கொழுந்தை நிறுத்தேன். வழக்கம்போல் கழித்து எழுதினேன். கொழுந்தெடுத்த இரண்டு பேரில் ஒருத்தி எனக்கு அக்கா முறை. வாய் சும்மா இருக்காது. கொப்பியை எட்டிப் பார்த்தவள் சத்தம் போட்டாள்.

"அடி ஆத்தே, பாருடி! பெத்த மக பாத்தியிலயே தண்ணி கழிக்கிறாரு!"

"சொந்த மகளுக்கே இந்தக் கதின்னா, நம்மள எங்கக்கா விடப்போறாரு" என்றாள் மற்றவள்.

"கல்யாணத்துல மாப்பிள்ளையக்கூட நிறுத்துத்தான் எடுப்பாரு. நனைஞ்சு வந்தா ரெண்டு கிலோ கழிவு" என்றாள் அக்கா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமை. மகளுடையது என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே நியாயம் செய்கிறேன் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து விளக்கேற்றும்போதும் அதை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது, ஆனால் மூளைக்கு ஏறவில்லை.

வைகாசி, ஆனி முழுக்க அப்படியே எழுதினேன். இன்னொன்றும் செய்தேன். வெள்ளை ரிப்பன் பாத்திகள் பார்க்கவே பாவமாக இருக்கும். இரண்டு கிலோ வந்தால் பெரிது. அதில் போய் என்ன கழிப்பது என்று பெரும்பாலும் விட்டுவிட்டேன். சிவப்பிலும் நீலத்திலும் சாக்கு நிறைய வந்ததால் அங்கே தாராளமாகக் கழித்தேன். என்றைக்கு எதில் எவ்வளவு என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இருபத்திரண்டு வருசத்தில் ஒரு நாளும் எழுதியதில்லையே.

ஆடி பிறந்ததும் மகள் எல்லாப் புள்ளிகளையும் லெப்டொப்பில் போட்டாள். கோடு வரவில்லை. உத்தேசத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. "என்னா சொல்லுது?" என்று கேட்டேன். "முடியலைங்குதுப்பா." சில நேரம் வந்தது, ஆனால் வளையவே இல்லை. ஈரத் துணியைக் கொடியில் போட்டதுபோல் தட்டையாகக் கிடந்தது. அப்படியே நம்பினால், உரம் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று அர்த்தம். மேடத்திடம் கொடுக்க மூன்று வாரம்தான் இருந்தது. நான் வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தேன். தேங்காய் உடைத்தேன். கோடு வளையட்டும் தாயே என்று கும்பிட்ட தகப்பன் இந்த மலைநாட்டில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். சாப்பிட்டு முடித்து, புள்ளிகளுக்கு நிறம் கொடுத்துக்கொண்டிருந்தாள். இது ரிப்பன் நிறமில்லை; காய்ந்த வாரம் நீலம், மழை வாரம் சிவப்பு. "இங்க பாருங்கப்பா" என்று திருப்பிக் காட்டினாள். "நீலமெல்லாம் ஒழுங்கா நிக்கிது. சிவப்புத்தான் கீழ கீழ விழுது. உரம் கூடக் கூட இன்னும் கீழ போகுது. மழை வாரத்துல மட்டும் என்னாப்பா இப்படி? தண்ணிய நான்தான் காயவச்சுக் கழிச்சிட்டேனே."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் ஏற்கெனவே கழித்த தண்ணீரை, பாவம் பிள்ளை, கெம்பஸில் அடுப்பு வைத்து இன்னொரு தடவை கழித்திருக்கிறாள்.

எழுந்து கோயிலுக்குப் போனேன். நடை சாத்தியிருந்தது. கம்பிக்கு வெளியே நின்று அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பி வந்து தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் கால் கழுவிக்கொண்டு நின்றபோது, என் சம்சாரம் முகத்தைப் பார்த்து, என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"போய்ச் சொல்லுங்க. சாமிகிட்ட சொன்னா புள்ளைக்கு எப்புடித் தெரியும்?"

உள்ளே போய்ச் சொன்னேன். மகள் கத்தவில்லை. அழவும் இல்லை. ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒரே அளவாக் கழிச்சீங்களாப்பா? எல்லாத்துலயும் ஒண்ணு, இல்லாட்டி எல்லாத்துலயும் ஒண்ணரை? அப்படின்னா திருப்பிக் கூட்டிக்கலாம். ஒண்ணும் மோசமில்ல."

அந்த நிமிசத்தில் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதை அணைத்தவனும் நானே.

"இல்லம்மா. கண்மதிப்பு. வெள்ளை ரிப்பன்ல பாவமேன்னு விட்டுட்டேன்."

"எல்லா வாரமும் விட்டீங்களா?"

"எல்லா வாரமும்னு சொல்லமுடியாது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "நான் யோசிச்சு, ஒவ்வொரு வெள்ளிக்கும் சுமாரா இவ்வளவு இருக்கும்னு சொல்றேம்மா. நீ எழுதிக்க" என்றேன்.

"அப்படி எழுதுறதா இருந்தா, கொழுந்தே எடுக்காம வீட்டுல குந்திக்கிட்டு எழுதியிருக்கலாமேப்பா." சொல்லிவிட்டு, கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று என் கையைத் தொட்டாள்.

பிறகு என் கண் முன்னாலேயே சிவப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். மிச்சம் இருந்தது காய்ச்சல் வாரங்கள் மட்டும். மறுபடி தேடச் சொன்னாள். இந்தத் தடவை ஒரு கோடு வந்தது. அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை மேலேயும் கீழேயும் திரை முழுக்க விரிந்தது. உண்மையான கோடு அந்தப் பட்டைக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாமாம். "உச்சி எங்கன்னு இதுக்குத் தெரியல. தெரியலைன்னு நேர்மையா சொல்லுது" என்றாள். இன்னொரு வருசம் பாத்தி பிரித்து எடுக்க நேரமும் இல்லை, உரமும் இல்லை.

ஆராய்ச்சிப் புத்தகத்தில் 'மழை வாரங்களில் எடை எடுத்ததில் பிழை நேர்ந்ததால் அவை நீக்கப்பட்டன' என்று எழுதினாள். அதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினாள். யாருடைய பிழை என்று எழுதவில்லை. மேடம் கேட்டபோதும் சொல்லவில்லையாம். பாஸாகிவிட்டாள். அந்த ஓரிடம் வேறொரு பிள்ளைக்குப் போனது. அந்தப் பிள்ளையின் கோடு நன்றாக வளைந்திருந்ததாம். அதைப் பற்றிப் பொறாமை இல்லாமல்தான் சொன்னாள்.

இரண்டு வருசமாகிறது. மகள் ஹட்டனில் ஒரு கடையில் போட்டோ கொப்பி எடுத்து, வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறாள். ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போட்டாள், பதில் இல்லை. லெப்டொப்பை இப்போது திறப்பதில்லை. நான் இன்னும் கொக்கிக்குத் திருநீறு பூசுகிறேன். கோயிலிலும் நிற்கிறேன். ஆனால் என்ன கேட்பது என்று தெரியவில்லை, சும்மா நின்றுவிட்டு வருகிறேன். மழை நாளில் கழிக்கத்தான் சொல்கிறார்கள், கழிக்கத்தான் செய்கிறேன். அந்த அக்கா இப்போது என்னைக் கேலி பண்ணுவதில்லை. சாக்கை மாட்டிவிட்டு வேறு பக்கம் பார்க்கிறாள்.

ஒன்று மட்டும் புதிதாகச் செய்கிறேன். தனியாக ஒரு கொப்பி வாங்கி வைத்திருக்கிறேன். மழை பெய்தால் தராசு காட்டியது ஒரு பக்கம், நான் கழித்தது எதிர்ப்பக்கம். ஒரு நாள் தவறாமல் எழுதுகிறேன். தோட்டத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை.

போன வாரம் காலை ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மகள் குடையைத் தேடினாள். சாமி மாடத்துக்குக் கீழே இந்தக் கொப்பி அவள் கையில் அகப்பட்டது. நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். பிறகு, "இப்ப எழுதி என்னாப்பா" என்றாள்.

கொப்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள். நல்ல மழை. மலைக்குப் போக எனக்கும் நேரமாகியிருந்தது.