பந்தக்கால் நட்ட கூடாரம்

என் வீட்டுக்காரர் குப்புராஜ் மாரண்டஹள்ளியில் பந்தல் கடை வைத்திருக்கிறார். ஊரே அவர் போட்ட பந்தலில்தான் கல்யாணம் செய்துகொண்டது. எனக்கு மட்டும் அதில் ஒரு ராத்திரி படுக்கக் கொடுத்துவைக்கவில்லை. பந்தல் போட்டால் சாமான் களவு போகாமல் அங்கேயே காவல் படுப்பார். சுருட்டிய ஜமுக்காளம்தான் தலையணை, தார்ப்பாய்தான் போர்வை. "நானும் வர்றேனுங்க" என்றால், "கொசுவுக்கு நான் ஒருத்தன் போதாதா?" என்று கிளம்பிவிடுவார். கல்நெஞ்சக்காரர்.

போன தை மாதம் ரஞ்சித்குமார் கடைக்கு வந்தார். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, பஞ்சப்பள்ளி அணைப் பக்கம் தன் தோட்டத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கூடாரம் போடப்போகிறாராம். கட்டிக் கொடுக்கும் வேலை என் வீட்டுக்காரருக்கு. இரண்டு வகை. சாதா என்றால் தரையில் பாய், கல் அடுப்பு, குளிக்க வாய்க்கால். சொகுசு என்றால் கட்டில், மெத்தை, ஃபேன், உள்ளேயே பாத்ரூம், வெந்நீர். அதாவது துணி போர்த்திய லாட்ஜ். நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

"விருந்தாளிங்க வர்றதுக்கு முந்தின ராத்திரி நீங்களும் அக்காவும் சொகுசு டென்ட்ல தங்கிப் பாருங்கண்ணா. குறை இருந்தா தெரிஞ்சுடும்" என்றார்.

எனக்கு வாயெல்லாம் பல். பட்டுப் புடவையை அன்றைக்கே இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன்.

அந்த நாளும் வந்தது. "ராஜா வூடு மாதிரி இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரஞ்சித்குமார் தர்மபுரிக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ராஜா மாப்பிள்ளை ராஜா ஒருவன்தான். மூங்கிலில் மஞ்சள் பூசி, மாவிலை கட்டிப் பந்தக்கால் நட்டார். சாவு வீட்டுக்கோ கட்சிக் கூட்டத்துக்கோ அதை நட மாட்டார், நல்ல காரியத்துக்கு மட்டும்தான். பிறகு வாசலில் இரண்டு வாழைமரம், சுற்றிலும் சீரியல் பல்பு, மலையைப் பார்த்தபடி மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு சோபா. நானும் என் பங்குக்குச் சாமந்தி மாலை கட்டித் தொங்கவிட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்த ரஞ்சித்குமார் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணா! இது கேம்பிங்கா, கல்யாண வூடா? அமைதியைத் தேடி வர்றவங்க திரும்பி ஓடிடுவாங்க. எல்லாத்தையும் பிரிச்சுட்டு வேற மாதிரி கட்டுங்க!"

பிரித்துக் கட்டுவதற்குள் விடிந்துவிடும், அப்புறம் எங்கே படுப்பது? "ஏம்ப்பா, இத வாயத் தொறந்து முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று சண்டைக்கே போய்விட்டேன்.

என் வீட்டுக்காரர் வாழைமரம் கட்டிய கயிற்றில் கை வைத்தபோது ஒரு கார் வந்து நின்றது. மறுநாள் வரவேண்டிய ஓசூர் விருந்தாளிகள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். மதியழகன், அவர் மனைவி பூவிழி. இருவருக்கும் அறுபது இருக்கும். பூவிழியம்மா சோபாவைப் பார்த்தவர் பார்த்தபடியே நின்றார்.

"நாங்க ரெண்டு வூட்டையும் எதுத்து ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. பந்தலும் இல்ல, மாலையும் இல்ல. இதுல உக்காரலாங்களா?"

மதியழகன் தொங்கிய மாலையைக் கழற்றி அந்தம்மா கழுத்தில் போட்டேவிட்டார். அந்த வயதில் அந்தம்மாவுக்கு வந்த வெட்கத்தைப் பார்க்கணுமே! நான் கைதட்டினேன். கத்திக்கொண்டிருந்த ரஞ்சித்குமாரே போனை எடுத்துப் போட்டோ பிடித்தார்.

"ஒண்ணையும் பிரிக்கக் கூடாது. இன்னிக்கே தங்கிக்கறோம்" என்று பூவிழியம்மா உத்தரவு போட்டார்.

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் மெத்தை போச்சே! பையை எடுத்தேன். கண் கலங்கிவிட்டது.

"எனக்குக் கொடுத்துவச்சது அவ்வளவுதானுங்க. கடைசி பஸ்ஸுல நான் வூட்டுக்குப் போறேன்."

"எங்க போற? சாதா டென்ட் சும்மாதான கெடக்குது, வா" என்று என் வீட்டுக்காரர் பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அங்கே தரையில் ஜமுக்காளம், தலைக்குச் சுருட்டி வைத்த இன்னொன்று. வாசலில் முழ நீள மூங்கில் துண்டு, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி.

"இத எப்பங்க நட்டீங்க?"

"கார் வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு, மெத்தை நமக்கில்லன்னு. நீ போட்டோ பாத்துட்டிருந்தப்ப நட்டுட்டேன்."

"காவல் படுக்கற எடத்துக்குப் போயி யாராச்சும் பந்தக்கால் நடுவாங்களா?"

"இன்னிக்கு என்ன காவலா? நீ மொத மொதல்ல வர்றல்ல" என்றார்.

பட்டுப் புடவை கசங்கினால் கசங்கட்டும் என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.