சனிக்கிழமை மிஞ்சிய மருந்து

துரிசு என்கிற மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலக்கியே என் பாதி ஆயுசு போயிற்று. கேரளத்து உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டம். ஏலச்செடி அழுகாமலிருக்க மழைக்கு முன்னால் அந்த நீல மருந்தை அடிக்க வேண்டும். அந்த நாட்களில் தினமும் காலையில் கலக்கியவன் நான்தான். என்னைப் போலக் கலக்க ஆளில்லை என்ற திமிரும் எனக்கு உண்டு.

சனிக்கிழமை சாயங்காலம் பீப்பாயில் மிஞ்சியதை ஆளுக்கொரு கேன் ஊற்றிக் கொடுப்பார்கள். பெரிய மனசு என்று நினைத்துக்கொள்வோம். மறுநாள் லீவு, அன்றுதான் வீட்டுச் செடிகளுக்கு அடிப்போம். தோட்டத்தில் கொடுத்த எங்கள் லய வீட்டுக்குப் பின்னால், கல்யாண முருங்கை மரத்தில் என் மனைவி ஏற்றிவிட்ட மிளகுக்கொடி ஒன்று இருந்தது. வீடும் மண்ணும் தோட்டத்துக்காரருடையவை. கொடி மட்டும் அவளுடையது. நான் ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்யும்போது அதன் தண்டுகளை வெட்டி, போகிற இடத்தில் நட வேண்டும். அவள் வேறெதுவும் கேட்டதில்லை.

இந்த வருஷம் ஓய்வும் வந்தது. மழை முடிந்ததும் காலி செய்யச் சொன்னார்கள். ஆனி மழையில் கொடியின் இலைகளில் கறுப்பு விழுந்தது. இனி ஓசி மருந்து கிடையாது. துரிசு தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவதில்தான் கிடைத்தது.

"கறுப்பு விழுந்தாச்சுன்னா பாடாக்கும் சேட்டா. எதுக்கும் அடிச்சு நோக்கு" என்றார் கடைக்காரர். பிழைப்பது கஷ்டமாம். நாசமாய்ப் போன வாய் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

மழை வெறித்த ஒரு காலையில், முதல்முறையாக வீட்டு வாசலில் மருந்து கலந்தேன். அவள் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"கத்திய எதுக்குங்க முக்குறீக?"

"செம்பு நெறம் ஒட்டுனா சுண்ணாம்பு பத்தலன்னு அர்த்தம். எலையப் பொசுக்கிரும். இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு புள்ள."

"மிஞ்சுனா நாளைக்கு வச்சுக்கிடலாமா?"

"சும்மா இரு. கலந்த அன்னைக்கே அடிச்சிரணும். மறுநாளு அது வெறும் நீலத்தண்ணி."

குச்சி நின்றது.

"அப்ப இத்தன வருசமா ஞாயித்துக்கெழம நம்ம கொடிக்கு அடிச்சது?"

தோட்டத்துச் செடிக்கு நேற்றைய மருந்தை ஒருநாளும் அடித்தவனில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த அறிவு எங்கே போனது? நமக்கு மிச்சமே போதும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன், பாவி.

அடி முதல் நுனி வரை அடித்தேன். ஒரு வாரத்தில் இலைகள் நீலக் கறையோடு கொட்டின. தண்டைக் கீறினால் உள்ளே கறுப்பு. அதை வெட்டி நட்டால் போகிற இடத்துக்கும் நோய் வரும். அது அவளுக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காலி செய்த அன்று ஜீப்பில் சாமான் ஏற்றினோம். தண்டுகளை ஈரத்தோடு சுற்ற அவள் எடுத்து வைத்திருந்த சாக்கு அப்படியே மடித்துக் கிடந்தது. கடைசியாக என் பழைய மருந்து பம்பைத் தூக்கி வைத்தேன்.

"இத எதுக்குங்க?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "அங்க அடிக்கிறதுக்கு நமக்கு என்ன இருக்கு?"