என் மனைவிக்கு மூன்று கை

போன செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டு சுவரில் என்னைப் பார்த்தேன்.

நான் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. நாடகத்தில் வேஷம் கட்டியதும் இல்லை. ஆனாலும் அதே மூக்கு, அதே கண்ணாடி, அதே கோணல் வகிடு... பக்கத்தில் என் மனைவி பார்வதி. அவள் மடியில் கடைக்குட்டி குமார். என்மேல் சாய்ந்தபடி பெரியவள் மல்லிகா. தலைக்கு மேலே சிவப்பு முக்கோணம். கீழே கொட்டை எழுத்தில் — ‘இரண்டு போதும்!’

குடும்பக் கட்டுப்பாட்டுப் போஸ்டர்!

நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு மூன்று குழந்தைகள் ஆயிற்றே? நடுவில் ஒருத்தி இருக்கிறாளே, செல்வி... அவள் எங்கே?

வரைந்தது யார் என்று யோசிக்கவே வேண்டாம். சாமுவேல். எங்கள் ஊர்ப் பீங்கான் கப்புகளுக்குப் பூ அச்சடிப்பவர், இப்போது போஸ்டரும் போடுகிறார். மரச்சட்டத்தில் பட்டுத்துணியை இழுத்துக் கட்டி, மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரு இழு இழுத்தால் படம் காகிதத்தில் இறங்கிவிடும். ஒரு கலருக்கு ஒரு சட்டம். கெட்டிக்காரர்தான். ஆனால் மனித முகம் மட்டும் கற்பனையில் வராது — போட்டோ வேண்டும்.

போன மாதம் வீட்டுக்கு வந்து, “குடும்பமா எடுத்த போட்டோ ஒண்ணு குடுங்க சார், ஒரு மாடலுக்கு” என்றார். காலண்டருக்காக்கும் என்று நினைத்துப் பெருமையாகத் தூக்கிக் கொடுத்தேன்.

நேரே அவர் ஷெட்டுக்குப் போனேன். “என்னய்யா இது? செல்வி எங்கே?”

“மூணு புள்ளைங்கள போட்டா குடும்பக் கட்டுப்பாடு ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க சார். பெரிய பாப்பா உங்க மேல சாஞ்சிருக்குது. சின்னது அம்மா மடியில இருக்குது. நடுவுல நின்ன பாப்பாதான்... எடுக்கறதுக்குத் தோதா இருந்துச்சு.”

தோதா இருந்துச்சாம்! ஏதோ சட்டையில் தொங்கிய நூலைக் கத்தரித்தது போலச் சொல்கிறார். போஸ்டரோ கம்மாபுரத்திலிருந்து மங்கலம்பேட்டை வரை ஒட்டியாகிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செல்வி ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். எட்டு வயசு. ஸ்கூல் சுவரிலும் அதே போஸ்டர். கூடப் படிக்கிற பிள்ளைகள் சும்மா இருக்குமா?

“அப்பா... ரெண்டு போதும்னா, நான் வேணாமா?”

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? வாராவாரம் இந்தப் பத்திரிகையில் உங்களுக்கெல்லாம் வாய் ஓயாமல் புத்திமதி சொல்கிறவன் நான். ‘அது சும்மா படம்மா’ என்று ஏதோ உளறினேன். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. சாப்பிடவும் வரவில்லை.

மறுநாள் காலையில் பார்வதி அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். போஸ்டரைக் கிழித்து ஊரைக் கூட்டிவிடுவாளோ என்று பயம்.

கிழிக்கவில்லை. படத்தில் தன் முழங்கால்மேல் விரலை வைத்தாள். “இது யாரு கை? சொல்லுடி.”

அப்போதுதான் நானும் பார்த்தேன். படத்தில் பார்வதியின் இரண்டு கையும் குமாரை அணைத்திருக்கின்றன. அப்படியென்றால் முழங்கால்மேல் இருக்கும் இந்தச் சின்னக் கை? மணிக்கட்டோடு நிற்கிறது. உடம்பு இல்லை, முகம் இல்லை... வெறும் கை!

செல்வி கிட்டே போய்ப் பார்த்தாள். “என் கைம்மா...”

ஆமாம். போட்டோ எடுத்த அன்று ஸ்டூடியோ விளக்குக்குப் பயந்து அம்மாவின் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒன்ன எடுத்துட்டான்” என்றாள் பார்வதி. “எங்கிட்டேருந்து எடுக்க முடிஞ்சுதா, பாத்தியா?”

செல்வி தன் உள்ளங்கையை அந்தக் கைமேல் வைத்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இல்லை.

அன்று மாலை சாமுவேல் தலையைச் சொறிந்துகொண்டு வாசலில் வந்து நின்றார். “தோல் கலர் சட்டத்துல கவனிக்காம வுட்டுட்டேன் சார். மூணு கை இருக்குதுன்னு ஆபீஸ்ல சிரிக்கிறாங்க. அடுத்த லாட்டுல அந்தக் கைய மறைச்சிடறேங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு அலறல்.

“மாமா! என்னை மறுபடியும் எடுத்துடாதீங்க!”

சாமுவேலின் முகத்தில் ஈயாடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நேற்றுப் புது லாட் ஒட்டியிருக்கிறார்கள். அதிலும் என் மனைவிக்கு மூன்று கைதான்!