குப்பை என்று பெயர் வைத்தவர்

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'டிராஃபிக்' என்பார்கள். 'டிராஃபிக் சாப்பிடப் போயாச்சா?', 'இருங்க, டிராஃபிக்கைக் கேட்டுச் சொல்றேன்' என்று. தெருமுனையில் கைகாட்டி நிற்கும் போலீஸ்காரரின் வேலைதான் அவருக்கும். விசிலும் வெயிலும் மட்டும் கிடையாது.

அது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளை. மூன்று மாடிகளிலும் உட்கார்ந்திருப்பவர்கள் தட்டுவது, பேசுவது, ஸ்கேன் செய்வது எல்லாம் ஒரே ஒரு ரவுட்டரின் ஒரே ஒரு வாய் வழியாகத் தலைமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். அந்த வாயை அவர்கள் பாஷையில் இண்டர்ஃபேஸ் என்பார்கள். வாய் சின்னது, கூட்டம் பெரியது. யார் முதலில், யார் பிறகு, நெரிசல் வந்தால் யாரைப் பிடித்து வெளியே தள்ளுவது என்று அந்த வாசலில் எழுதி வைப்பதுதான் டிராஃபிக்கின் உத்தியோகம்.

ஐந்து வரிசை வைத்திருந்தார். முதல் வரிசை வாய்ஸ். டெலிபோன் பேச்சு கொஞ்சம் தாமதமானாலும் 'ஹலோ, ஹலோ' என்று உயிரை எடுத்துவிடுவார்கள். அதற்கு அடுத்தது வீடியோ. அதாவது டைரக்டர். தலைமை அலுவலகத்திலிருந்து தினமும் திரையில் தோன்றி, கிளையில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்து உற்சாகமூட்டுவது அவருடைய வழக்கம். அப்புறம் அக்கவுண்ட்ஸ், அப்புறம் ஜெனரல். கடைசியில், அவசரமே இல்லாத பெரிய ஃபைல்களுக்கு ஒரு வரிசை. நெரிசல் இல்லாதபோது தாராளமாகப் போகலாம், நெரிசல் வந்தால் முதல் அடி இதற்குத்தான். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்தவர், ஏதோ குஷியில், கே, யூ, இரண்டு பி, ஏ, ஐ என்று தட்டினார். குப்பை. அந்தக் கம்பெனியின் ரவுட்டரில் தாய்மொழிக்குக் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

குப்பையில் யார் வந்து விழுவார்கள் என்று அவர் பெரிதாக யோசிக்கவில்லை. பெரிய ஃபைல் என்றால் குப்பை, அவ்வளவுதான் விதி. விபத்தில் நசுங்கிய கார்களின் படங்களையும், ஆஸ்பத்திரி பில்களையும், இறப்புச் சான்றிதழ்களையும் நாள் முழுக்க ஸ்கேன் செய்து மேலே அனுப்பும் க்ளெய்ம் செக்‌ஷன் மொத்தமாக அதில் வந்து விழுந்தது. க்ளெய்ம் செக்‌ஷனில்தான் அவருடைய அக்கா வேலை பார்த்தாள். இந்த வேலைக்கு அவரைச் சிபாரிசு செய்ததே அவள்தான். அதனால் ஆபீஸ் முழுக்க அவளை 'அக்கா' என்றே கூப்பிட்டது.

இது இப்படியே கவனிப்பாரற்று ஓடியிருக்கும். கிளை மேனேஜருக்குக் கலர் பிடிக்கும் என்பதுதான் பிரச்சினை. டிராஃபிக்கின் மேஜையில் ஐந்து வரிசையும் ஐந்து நிறக் கோடுகளாக ஏறி இறங்குவதைப் பார்த்தவர், 'அட, ஷேர் மார்க்கெட் மாதிரி இருக்கே' என்று பூரித்து, அதை ரிசப்ஷனில் பெரிய டீவியில் போட வைத்தார். எந்த செக்‌ஷன் எந்த வரிசை என்பதும் கீழே ஓடும். வருகிறவர்களுக்குக் கம்பெனி துடிப்பாக இருப்பது தெரியுமாம்.

அந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகம், கிளையில் ஒரு செக்‌ஷனை மூடப் போவதாகச் சொல்லியிருந்தது. எதை மூடுவது என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆலோசகர் வியாழக்கிழமை வருவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை அக்கா தம்பியின் அறைக்கு வந்தாள்.

"ஏண்டா, ரிசப்ஷன் டீவில எங்க செக்‌ஷனுக்கு நேரா என்னமோ ஓடுதே, என்னது அது?"

"எது?"

"குப்பைன்னு."

டிராஃபிக் சிரித்தார். "அது சும்மா ஒரு பேருக்கா. மெஷினுக்கு அர்த்தமெல்லாம் தெரியாது."

"மெஷினுக்குத் தெரியாது. ரிசப்ஷன்ல உக்காந்திருக்கற பொண்ணுக்குத் தெரியுதே. 'குப்பை அக்கா, உங்களுக்குக் கூரியர் வந்திருக்கு'ங்கறா."

"அவ விளையாடறா."

"அவ விளையாடட்டும். வியாழக்கிழமை வர்றவன் விளையாட வரல. உங்க மாமா முதுகைப் பிடிச்சுக்கிட்டு வீட்ல படுத்திருக்காரு, என் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது, உனக்குத் தெரியாததா? முன்னாடி வரிசையில விடுன்னு நான் கேக்கல. பேரை மட்டும் மாத்து."

டிராஃபிக் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு விளக்க ஆரம்பித்தார். விளக்குவதில் அவருக்குச் சோர்வே வராது.

"பேரை மட்டும் மாத்த முடியாதுக்கா. எழுதி வச்ச மொத்தத்தையும் இண்டர்ஃபேஸ்லேர்ந்து கழட்டி, திருப்பி மாட்டணும். அந்தக் கொஞ்ச நேரம் எல்லாம் முட்டி மோதும். டைரக்டர் பேசிட்டிருந்தா படம் நின்னுடும். அனுமதி எழுதிக் கேக்கணும், ஞாயித்துக்கிழமைதான் குடுப்பாங்க."

"படம் நின்னா என்ன ஆகும்?"

"என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க."

"கேட்டு?"

"கேப்பாங்கக்கா."

"வாயைத் திறந்து அவங்க கேக்கறதுக்கே உனக்கு இவ்வளவு உதறுதா?"

"அதில்ல. நீ என் அக்கா. உனக்காக நான் செஞ்சா நல்லா இருக்காது."

அக்கா விடவில்லை. "டைரக்டர் உனக்கு என்ன வேணும்? மாமனா, மச்சானா? அவருக்கு ராஜபாட்டை போட்டுக் குடுத்திருக்கியே, அது மட்டும் நல்லா இருக்கா?"

டிராஃபிக் நாற்காலியை மறுபடி மேஜையோடு இழுத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை கண்டிப்பா" என்றார்.

ரவுட்டர் வேலையில் இன்னொரு வித்தை உண்டு. இணைப்பைக் கொடுத்த கம்பெனி இவ்வளவுதான் வேகம் என்று ஒரு கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டி அனுப்பினால் அந்தப் பக்கம் இருப்பவன் வந்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவான். வெட்டுப்படாமல் இருக்க, நம் பக்கத்திலேயே வேகத்தை அடக்கி, கோட்டுக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஷேப்பிங் என்று பெயர். டிராஃபிக் இதில் மன்னன். ரவுட்டருக்கு இதை அவர் சொல்லிக்கொடுத்தாரா, ரவுட்டரைப் பார்த்து அவர் கற்றுக்கொண்டாரா என்று சொல்வது கஷ்டம். யாரும் அதட்டுவதற்கு முன்பே அடங்கிப்போவார். சம்பள உயர்வு கேட்கப் போய், மேனேஜரின் பையனுக்குப் புது லேப்டாப் செட் செய்து கொடுத்துவிட்டு வந்தவர் அவர்.

வியாழக்கிழமை ஆலோசகர் வந்தார். நல்ல ஷூ. ரிசப்ஷனில் காத்திருந்த நேரத்தில் டீவியைப் பார்த்தார். பார்த்தவர் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார். மேனேஜர் பெருமையோடு டிராஃபிக்கை வரவழைத்தார்.

"இந்தப் பழுப்புக் கோடு என்ன?"

"அது குப்பைங்க சார்."

"க்ளெய்ம் செக்‌ஷன்லேர்ந்து வர்றதா?"

"எல்லாமே அங்கேர்ந்துதான் சார்."

ஆலோசகரின் புருவம் மேலே போனது. மேனேஜரின் முகத்தில் பெருமை கொஞ்சம் குறைந்தது. டிராஃபிக் அவசரமாகச் சமாளித்தார். "குப்பைன்னா நிஜக் குப்பை இல்லீங்க சார். அவசரம் இல்லாதது. நெரிசல் வந்தா முதல்ல தூக்கிப் போடற மாதிரி எழுதி வச்சிருக்கேன்."

"தூக்கிப் போட்டா?"

"ஒண்ணும் ஆகாது சார். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது."

விடுபட்டது தானாகவே திரும்பப் போய்விடும், கொஞ்சம் தாமதமானாலும் கடைசியில் முழுசாகச் சேர்ந்துவிடும் என்பதைத்தான் அவர் சொல்ல வந்தார். சொல்வதற்குள் பையில் போன் அடித்தது. மாடியில் டைரக்டரின் படம் இழுத்து இழுத்து வருகிறதாம். 'ஒரு நிமிஷம் சார்' என்று படியேறி ஓடினார். இறங்கி வந்தபோது ஆலோசகர் அக்கவுண்ட்ஸுக்குப் போயிருந்தார். க்ளெய்ம் செக்‌ஷனுக்கு அவர் போகவே இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது போலும்.

மறுநாள் எல்லோரையும் ஹாலில் கூட்டினார்கள். திரையில் டைரக்டர். டிராஃபிக் காலையிலிருந்தே லேப்டாப்போடு ஓரத்தில் உட்கார்ந்து வீடியோ வரிசையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார். டைரக்டர் என்ன சொல்லப் போகிறார் என்று அவருக்குத் தெரியாது. படம் நிற்கக் கூடாது, அது மட்டும்தான் தெரியும்.

படம் நிற்கவில்லை. கண்ணாடி மாதிரி வந்தது. கனத்த மனத்தோடுதான் இந்த முடிவை எடுத்ததாக டைரக்டர் சொன்னபோது, மனம் கனத்ததற்கான அடையாளம் முகத்தில் எங்கும் இல்லை என்பது கடைசி வரிசைக்கும் தெரிந்தது. க்ளெய்ம் செக்‌ஷனை மூடுகிறார்கள். விடுபட்டாலும் வேலை பாதிக்காத பணிகள் என்று ஆலோசகரின் அறிக்கை சொல்கிறதாம். ஒரு எழுத்துகூடத் தடங்கலில்லாமல் வந்து சேர்ந்தது. கூட்டம் முடிந்ததும் மேனேஜர் டிராஃபிக்கின் தோளைத் தட்டினார். "இன்னைக்கு க்ளாரிட்டி பிரமாதம்யா."

டிராஃபிக் க்ளெய்ம் செக்‌ஷனுக்குப் போனார். எல்லோரும் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் பையைத் தோளில் மாட்டியபடி கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திரையில் ஒரு ஃபைல் போய்க்கொண்டிருந்தது. பாதிகூடத் தாண்டவில்லை.

"அக்கா."

"இது ஒண்ணு போய்ச் சேரட்டும், கிளம்பிடறேன். புருஷன் செத்துப்போன பொம்பளையோட க்ளெய்ம். விட்டுட்டுப் போனா அவ யாரைப் போய்க் கேப்பா?"

"தள்ளுக்கா, நான் வேணா வேகமா விடறேன். இங்கேர்ந்தே முடியும்."

அக்கா நகரவில்லை. "வேண்டாம். நீ எதுக்கு அக்காவுக்காகச் செஞ்சுக்கிட்டு? நல்லா இருக்காது. குப்பைதானே, மெதுவாப் போகட்டும்."

அவர் நின்றார். ஃபைல் எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும் கட்டம் திரையில் நிறைவதையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே டைரக்டர் மேனேஜரோடு தனியாகப் பேச ஆரம்பித்திருக்க வேண்டும், ஃபைல் நின்று நின்று போனது. போய்ச் சேர்ந்ததும் அக்கா விளக்கை அணைத்தாள். தம்பி இன்னும் உள்ளேதான் நிற்கிறான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

டிராஃபிக் சொன்ன வார்த்தை மாறாதவர். ஞாயிற்றுக்கிழமை முறைப்படி அனுமதி வாங்கி, மொத்தத்தையும் கழற்றி, பெயரை மாற்றி, திருப்பி மாட்டினார். ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை. 'க்ளெய்ம்' என்று இப்போது ரிசப்ஷன் டீவியில் அழகாக ஓடுகிறது. இரண்டாவது வரிசையில், டைரக்டருக்குச் சமமாக, அதற்கென்று தனி இடமும் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். யாரும் எதற்கு என்று கேட்கவில்லை.

ரிசப்ஷன் பெண் மட்டும் ஒரு நாள் கேட்டாள். "சார், இந்தப் பழுப்புக் கோடு ஏன் அசையவே மாட்டேங்குது? ரிப்பேரா?"

டிராஃபிக் நிமிர்ந்து பார்த்தார். திரையின் அடியில் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

"ரிப்பேர் இல்லம்மா" என்றார். "அங்க நெரிசல் இல்ல."