தெருமுனை வரை நடந்தவள்

பிள்ளைகளா, அம்மாவின் முதல் வருஷத் திவசத்தன்று இலையில் உட்கார்ந்திருந்தபோது பெரியவள் ஒரு வார்த்தை சொன்னாள். "டாக்டர் அத்தனை சொல்லியும் அம்மா ஒரு நாளாவது நடந்தாங்களா?" சின்னவன் அதானே என்று தலையாட்டினான். அப்போது எனக்குச் சொல்ல வாய் வராததை இப்போது எழுதுகிறேன். நீங்கள் இருவரும் வெளியூரில் இருந்ததால் உங்களுக்குத் தெரியாது. அம்மா நடந்தாள். பதினேழு நாள் நடந்தாள். நிறுத்தியவன் நான்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நான் லேத் மிஷினில் நின்றவன். இரும்பைக் கடையும்போது அளவுக்கு மேல் துளி சீவிவிட்டாலும் போச்சு. சீவினதை ஒட்டவைக்க முடியாது. அதைக் கழிவில் போட்டுவிட்டு வேறு புதுசு எடுக்க வேண்டும். முப்பது வருஷம் அதையே செய்து, வீட்டு விஷயங்களையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டேன்.

ரிட்டயராகி ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்த பிறகுதான் அவளுக்குச் சர்க்கரை ஏறியது. தினம் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். ஐப்பசி ஒண்ணாந்தேதி ஆரம்பித்தாள். அவளுக்கோ முட்டிவலி. தெருமுனைப் பால் பூத் வரை போய், அங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவாள். மொத்தம் பத்து நிமிஷம். வேர்த்த முகத்தோடு வந்து, "இன்னிக்கு நடுவுல எங்கயும் நிக்கலைங்க" என்பாள்.

நான் பேப்பரைக்கூட இறக்காமல் சொன்னேன். "பால் வாங்கப் போற தூரத்துக்குப் பேரு நடையா? செஞ்சா அரை மணி செய்யணும். இல்லைன்னா செருப்புதான் தேயும்."

அவள் சிரித்தாள். நீங்களும் ஒரு நாள் என்கூட வந்து பாருங்களேன் என்று கூப்பிட்டாள். மிஷின் முன்னால் நின்ற நிற்பே எனக்கு ஆயுசுக்கும் போதும் என்று சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்கு இரண்டு அதிரசம் சாப்பிட்டாள். மறுநாள் காலை செருப்பை மாட்டப் போனவளை நான்தான் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"அதான் நேத்தே எல்லாம் கெட்டுப்போச்சே. இனிமே கார்த்திகைல தொடங்கினாலும் உடனே மார்கழி வந்துடும். மார்கழில புதுசா எதையும் தொடங்கக் கூடாது. தை ஒண்ணுலேர்ந்து ஒழுங்கா ஆரம்பி."

"அதுவும் சரிதாங்க" என்று செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

தை வரப்போகிறது, அதுவரைக்கும் என்ன என்று காபியில் சர்க்கரை போட்டுக்கொண்டாள். எனக்கும் போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் குடித்தோம். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

மார்கழிக் கடைசியில் காலில் புண் வந்தது. பொங்கல் அன்று ஆஸ்பத்திரியில் இருந்தாள். காலில் கட்டு. இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டாள். தை ஒண்ணு என்றேன்.

"அப்ப இன்னிக்குத்தான ஆரம்பிக்கணும்" என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். மாசியில் போய்விட்டாள்.

நடந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாதுங்க என்றார். எனக்கும் அதைச் சொல்லும் அளவுக்குப் படிப்பில்லை. ஆனால் உடம்பு இரும்பு இல்லை என்று இப்போது தெரிகிறது. இரண்டு அதிரசத்தால் அந்தப் பதினேழு நாள் வீணாகியிருக்காது. வீணாகிவிட்டது என்று நான் சொன்னேன், அவள் நம்பினாள். நான் எது சொன்னாலும் நம்புகிறவள். அவளைச் சோம்பேறி என்று மட்டும் இனிமேல் நினைக்காதீர்கள்.

திவசத்தன்று சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உங்களை ஏற்றிவிட்டு நின்றேன். எனக்கும் சர்க்கரைதான். மத்தியானம் பாயசம் இரண்டு டம்ளர் குடித்திருந்தேன். இன்றைக்குத்தான் கெட்டுப்போச்சே, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு சொல்லிற்று. ஸ்ரீரங்கம் பஸ் எதிரிலேயே காலியாக நின்றது. நான் ஏறவில்லை. காவிரிப் பக்கமாக நடந்தேன். பாலம் வருவதற்கு முன்பே குதிகால் வலித்தது. அங்கே இருந்த ஸ்டாப்பில் நின்று, அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.